காரை ஓடிக் காட்டும் முறை: மட்டக்களப்பு, அம்பாறை கார் சேல் நடத்துவோருக்கு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. அதனால் கல்லடியிலோ கல்முனையிலோ ஒரு கார் சேலில், அதாவது பாவித்த கார் விற்கும் இடத்தில், நிற்கும் வேகன் ஆர், அக்வா, ஃபிட் எதுவானாலும் பெரும்பாலும் பல கை பட்டதுதான். வாங்க வருபவருக்கும் அது தெரியும். பொலிஷைப் பார்த்து அவர் நம்பமாட்டார். ஓடிப் பார்த்துத்தான் நம்புவார்.

அந்த ஓட்டத்தைச் சில இடங்களில் "இந்தாங்க சாவி, ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் பக்கத்து ஒழுங்கைக்குள் ஒருதரம் சுற்றிக் காட்டி முடித்துவிடுகிறார்கள். இரண்டும் பிழை. முதலாவதில் காருக்கும் ஆளுக்கும் பாதுகாப்பில்லை. இரண்டாவதில் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியவராது; பத்து நாளில் சண்டையோடு திரும்பி வருவார். ஓட்டத்தை நடத்துவது விற்பவரின் வேலை. எந்தப் பாதை, எந்த நேரம், எவ்வளவு வேகம், யார் எந்த இருக்கையில் என்பதை அவரே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். காரின் குறைகளும் அந்த ஓட்டத்திலேயே, இரண்டு பேர் காதிலும் விழும்படி வெளியே வர வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், அதிகம் நடக்கும் ஏமாற்று இதுதான். ஆள் வருகிறார் என்று போன் வந்தவுடன் பெடியன் போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைப்பான். குளிர்ந்த எஞ்சினில் வரும் டைமிங் செயின் சத்தம், முதல் நிமிடத்து நீலப்புகை, உதறும் ஐட்லிங், பலவீனமான பற்றரி எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். வாங்குபவர் மறுநாள் காலையில் தன் வீட்டு வளவில் அதே சத்தத்தைக் கேட்பார்.

கார் குறைந்தது நான்கு ஐந்து மணித்தியாலம் நின்றிருக்க வேண்டும். பொனட்டைத் திறந்து, ரேடியேற்றரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேகன் ஆர், வீட்ஸ் போன்றவற்றில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கும்போது நீல விளக்கு எரிந்து, சூடானதும் அணையும். அந்த விளக்கை அவருக்குக் காட்டுங்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஒரே நாளில் இரண்டாவது ஆள் பார்க்க வந்தால், "காலையில ஒருக்கா ஓடினது, எஞ்சின் சூடா இருக்கு, குளிர் ஸ்டார்ட் பாக்கணுமெண்டா நாளைக்கு விடிய வாங்க" என்று சொல்லிவிடுவது நல்லது.

முதல் நாள் பின்னேரம் பார்க்க வேண்டியவை

சேலில் நிற்கும் காரில் முதலில் செத்துப்போவது 12 வோல்ட் பற்றரி. ஹைபிரிட்டில் அது சின்னது. அக்வாவில் பின் இருக்கைக்குக் கீழேயும், பழைய பிரியஸ் மாடல்களில் பின் டிக்கியிலும் இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காரை ஸ்டார்ட் பண்ணி, 'ரெடி' விளக்கு எரிய 20 நிமிடம் விட்டால் போதும். விடாமல் வைத்து, வாடிக்கையாளர் முன்னால் ஜம்பர் வயர் கொழுவினால் பாதி விற்பனை அங்கேயே போய்விடும்.

டயர் காற்றைச் சாரதிப் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடி வையுங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பிஎஸ்ஐக்குள் வரும். வெயிலில் நின்ற டயரை அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஆகவே காலையில் அளக்கவும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ ஆழமாக இருந்தாலும் பழைய டயர் வெடிக்கக்கூடும். அப்படிப்பட்ட டயரோடு 70இல் ஓட விடக்கூடாது.

பெற்றோல் கால் டேங்காவது இருக்க வேண்டும், அதைப் போடுவது விற்பவரின் பொறுப்பு. ஓடிப் பார்க்க வந்தவரிடம் "ஐந்நூறுக்கு அடிங்க" என்று கேட்பது வியாபாரத்துக்கு அழகில்லை. ஹைபிரிட்டில் பெற்றோல் அடியோடு தீர்ந்தால் பெரிய பற்றரியை வடித்துக்கொண்டு ஓடும், அது பற்றரிக்குக் கேடு.

கடற்கரையோரத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, சாய்ந்தமருது பக்கம் இரவு நின்ற காரின் பிரேக் டிஸ்க்கில் காலையில் மெல்லிய துரு படிந்திருக்கும். முதல் நான்கைந்து பிரேக்குக்கு அது உரசும், பிறகு போய்விடும். ஓட்டத்துக்கு முன்பே இதைச் சொல்லுங்கள். பிரேக் போய்விட்டதோ என்று அவர் பயந்தபிறகு சொன்னால் சாட்டுச் சொல்வதாகவே படும். ஐந்து கிலோமீற்றருக்குப் பிறகும் உரசினால் அது மேல்துரு இல்லை. பேட் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கலிப்பர் இறுகியிருக்கும்.

கடதாசிகள்

காருக்குள் இருக்க வேண்டியவை: செல்லுபடியாகும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், புக்கின் (பதிவுச் சான்றிதழின்) பிரதி. ஓபன் பேப்பரில், அதாவது இன்னும் பெயர் மாற்றாமல், நிற்கும் காரென்றால் பதிவு உரிமையாளர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவத்தின் பிரதியும் வேண்டும். சோதனைச் சாவடியில் மறித்தால், வேறொருவர் பெயரிலுள்ள காரை மூன்றாம் ஆள் ஏன் ஓட்டுகிறார் என்பதற்கு அதுதான் பதில். புக்கில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால் ஓட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள்.

காப்புறுதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்ட் பார்ட்டி எடுத்த காரை வாடிக்கையாளர் மதிலில் சாத்தினால் அந்தக் காருக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி இருந்தாலும் அது பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் சிக்கல். ஓட்டியவரிடம் செல்லுபடியான லைசன்ஸ் இல்லாவிட்டாலும் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. விற்பனைக்கு நிற்கும் காரை வாடிக்கையாளர் ஓட்டும்போது காப்பு உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எடுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். காப்பு இல்லாத காரை நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். பதியப்படாத ரீகண்டிஷன் கார் வளவைவிட்டு வெளியே போகக்கூடாது.

லைசன்ஸ் பார்ப்பது

மரியாதையாக, ஆனால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். "அண்ணன், ஓடுறதுக்கு முதல் லைசன்ஸ ஒருக்கா தாங்க, எல்லாருக்கும் எடுக்கிறதுதான்." காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் என்றால் 'காக்கா' என்றும், ஆசிரியர் என்றால் 'சேர்' என்றும் கூப்பிடுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று ஒருவரை விட்டால் அடுத்தவரிடம் கேட்க வாய் வராது.

அட்டையின் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. பின்பக்க அட்டவணையில் காருக்கான 'B' வகுப்புக்கு நேரே திகதி இருக்கிறதா, அது முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் மட்டும் ஓட்ட அனுமதியுள்ளவர்கள் கார் வாங்க வருவது சாதாரணம். அவர்களைப் பயணியாக ஏற்றி ஓட்டிக் காட்டுங்கள். லைசன்ஸ் உள்ள சகோதரரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். படமெடுப்பது சேலின் போனில் இருக்கட்டும். பெடியனின் சொந்த வட்ஸ்அப்பில் ஒருவரின் அடையாளப் படம் கிடப்பது சரியில்லை. வியாபாரம் முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள்.

யூலை, ஓகஸ்டில் சுவிஸ், கனடா, லண்டனிலிருந்து வருபவர்களின் வெளிநாட்டு லைசன்ஸ் தனியாக இங்கே செல்லாது; இலங்கையில் ஓட்டுவதற்கான அனுமதி வேறாக எடுத்திருக்க வேண்டும். அதை எடுத்திருந்தாலும் கவனம் தேவை. சுவிஸ், கனடா, கட்டார், சவூதியில் ஓடிப் பழகியவர்கள் வீதியின் வலப்பக்கம் போய்ப் பழகியவர்கள். இங்குள்ள ஜப்பான் கார்களில் சிக்னல் தண்டு ஸ்டியரிங்கின் வலப்பக்கம் இருப்பதால், சிக்னல் போடுவதாக நினைத்து வைப்பரைப் போடுவார்கள். வைப்பர் ஓடுவதால் கெடுதி இல்லை. முச்சந்தியில் கிறுகும்போது பழக்கத்தில் வலப்பக்கத்துக்குப் போவதுதான் ஆபத்து. சந்திக்கு 50 மீற்றர் முன்பே "இடப்பக்கம் பிடிங்க" என்று சொல்லிவிடுங்கள்.

பாதை

ஒவ்வொரு சேலுக்கும் நிலையான ஒரு சுற்று வேண்டும்: 8 முதல் 12 கிலோமீற்றர், 25 நிமிட அளவு. ஒரே பாதையில் எல்லாக் கார்களையும் ஓட்டினால் எந்தப் பள்ளத்தில் எந்தச் சத்தம் இயல்பு என்பது உங்கள் காதுக்கு அத்துப்படியாகிவிடும். அந்தச் சுற்றில் நின்று நின்று போகும் நெரிசல், உடைந்த ஒழுங்கை, 70 வரை போகக்கூடிய நேர் வீதி, சின்ன ஏற்றம், கார் முழுதாகக் கிறுகக்கூடிய வெளி ஆகியவை வர வேண்டும்.

கல்லடிச் சேல்களுக்குக் காத்தான்குடி நகர வீதி நெரிசலுக்குப் போதும். அதைத் தாண்டி ஆரையம்பதிப் பக்கம் போனால் வேகம் எடுக்கலாம். நேரமுள்ளவர்கள் மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் திரும்பலாம், அங்கே வாகனம் குறைவு. நகரின் வடக்கே இருப்பவர்களுக்குப் பிள்ளையாரடி தாண்டித் தன்னாமுனைப் பக்கம். கல்முனை, சாய்ந்தமருதுச் சேல்களுக்குப் பிரதான வீதி முழுக்க வீடும் கடையும்தான். காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குப் போகும் வயல்வீதிதான் சரி. மாரியில் அங்கே வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும். 2024 நவம்பரில் அந்த இடத்தில் நடந்த உயிரிழப்பை அம்பாறையில் யாரும் மறக்கவில்லை. தண்ணீர் வீதியைத் தொட்டால் பாதையை மாற்றுங்கள்.

எங்கள் கரையோரம் தட்டை நிலம், மலையேற்றம் கிடையாது. பாலத்து ஏற்றத்தில் காரை நிறுத்திப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் அதை விடவேண்டும். பின்னால் வரும் பஸ் மோதும். எஞ்சினுக்கும் கியர் பொக்ஸுக்கும் சுமை கொடுக்க, நான்கு பேரை ஏற்றி, ஏசியை முழுதாகப் போட்டு, 20இலிருந்து 60க்கு நேர் வீதியில் உறுதியாக ஏற்றுங்கள். அது போதும்.

நேரத்தையும் பாருங்கள். பாடசாலை தொடங்கும் 7 முதல் 7.45 வரையும், விடும் 1.15 முதல் 2 வரையும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் முஸ்லிம் ஊர்களுக்குள்ளால் போகக்கூடாது. இருட்டியபின் மாடுகள் வீதியில் படுக்கும். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். வைக்கோல் அடியில் சிக்கினால், புகைக்குழாயிலுள்ள கட்டலிட்டிக் கன்வேர்ட்டரின் சூட்டில் பற்றிக்கொள்ளும். திரும்பி வந்ததும் குனிந்து அடியைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

முதல் பாதி உங்களுடையது

வளவிலிருந்து எடுத்து நெரிசல் முடியும்வரை சேல்காரர் ஓட்டட்டும், வாடிக்கையாளர் இடப்பக்க முன் இருக்கையில். பயணியாக இருக்கும்போதுதான் காது வேலை செய்யும். ஸ்டியரிங் கைக்கு வந்ததும் அவர் கவனம் வீதிக்குப் போய்விடும். அவருடைய கராஜ் பாஸ் (மெக்கானிக்) வந்திருந்தால் பின்னால் ஏற்றுங்கள். வளவுக்குள்ளேயே ஸ்டியரிங்கை முழுதாக வலமும் இடமும் ஒடித்து மெல்ல ஒரு வட்டம் போடுங்கள். 'டக் டக் டக்' என்று சக்கரத்தோடு சேர்ந்து வந்தால் எக்ஸல் ஜொயின்ட். ரேடியோ போடக்கூடாது. சத்தத்தை மறைக்கப் பேச்சுக் கொடுப்பதும் கூடாது.

இருக்கை மாற்றும் இடம் முன்பே தீர்மானித்த அகலமான ஓரமாக இருக்க வேண்டும். 'பார்க்'கில் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களில் இது மிக முக்கியம். எஞ்சின் ஓடும்போது சாவி காரைவிட்டு வெளியே போனாலும் எஞ்சின் நிற்காது, எச்சரிக்கை ஒலி மட்டும்தான் வரும். நீங்கள் சாவியோடு சுற்றிவரும் அந்தப் பத்து விநாடியில், ஓடும் எஞ்சினோடு காரைக் கொண்டுபோய்விடலாம். எந்த நிலையிலும் வாடிக்கையாளரைத் தனியே அனுப்ப வேண்டாம். அவர் விட்டுப்போகும் மோட்டார் சைக்கிள் அவருடையதுதானா என்பது உங்களுக்குத் தெரியாது.

பெண் வாடிக்கையாளர் ஓட்டும்போது பக்கத்தில் யார் இருப்பது என்று அவரிடமே கேளுங்கள். கணவரோ சகோதரரோ முன்னால் இருக்க விரும்பினால், சேல்காரர் பின்னால் நடுவில் இருந்து வழி சொல்லலாம், பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு.

அவர் ஓட்டும்போது

புறப்பட முன் இருக்கை, கண்ணாடி, பெல்ட் மூன்றையும் சரிசெய்ய வைத்து, பிரேக்கை இரண்டுதரம் மிதிக்கச் சொல்லுங்கள். ஹைபிரிட்டுக்குப் புதியவர் என்றால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். 'ரெடி' எரிந்தால் சத்தமில்லாவிட்டாலும் கார் ஓடும் நிலையில் இருக்கிறது. பிரியஸின் சின்னக் கியர்த் தண்டு தானாக நடுவுக்குத் திரும்பும், அதனால் எந்தக் கியரில் இருக்கிறது என்பதைத் திரையில்தான் பார்க்க வேண்டும். தண்டில் உள்ள 'B' எழுத்து இறக்கத்தில் எஞ்சின் பிரேக்குக்கு, பின்னால் எடுப்பதற்கு இல்லை. நிறுத்தும் 'பார்க்' பிரியஸில் தனிப் பட்டன். இந்தக் குழப்பத்தில் மதிலில் ஏறிய கார்கள் குறைவில்லை.

நகருக்குள் 50, வெளியே 70 என்ற சட்ட வேகம் போதும். 60 தாண்டி ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. வேகத்தோடு ஏறும் 'ஊ' என்ற இரைச்சல், காரை மெல்ல ஒருபக்கம் சாய்க்கும்போது மாறினால் வீல் பேரிங். ஸ்டியரிங்கைத் தளர்த்தியதும் மெல்ல இடப்பக்கம் போவது பெரும்பாலும் வீதியின் சரிவால். சட்டென்று இழுத்தால்தான் எலைன்மென்ட். பிரேக் சோதனை முதலில் 30இல் மெதுவாக, பின் 50இல் உறுதியாக. ஒவ்வொரு தடவையும் நீங்கள் பின்னால் பார்த்து "இப்ப பிடிங்க" என்று சொன்ன பிறகுதான் பிடிக்க வேண்டும்.

ஏசியை மத்தியான வெயிலில் பாருங்கள், காலைக் காற்றில் எல்லா ஏசியும் குளிரும். வேகன் ஆரில் சந்தியில் எஞ்சின் தானாக நிற்கும், அப்போது ஏசிக் காற்றுச் சூடாகும். எஞ்சின் செத்துவிட்டது, ஏசி போய்விட்டது என்று பயப்படுவார்கள். அது ஐட்லிங் ஸ்டொப். ஏசி போட்ட முதல் நிமிடத்தில் சேற்று வாடை வந்தால் வெள்ளத்தில் நின்ற காரா என்று சந்தேகிக்க வேண்டும். இருக்கைத் தண்டவாளத்தின் துருவும், பெல்ட்டை முழுதாக இழுத்தால் தெரியும் மண்கறையும் அதைச் சொல்லிவிடும். இதை வாங்குபவர் பார்க்கும்வரை காத்திருக்காமல், காரை நீங்கள் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஃபிட் ஜிபி5 ஹைபிரிட், முதல் தலைமுறை ஹைபிரிட் வெசல் இரண்டிலும் இரட்டைக் கிளச் கியர் பொக்ஸ். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடாகி உதறத் தொடங்கும், திரையில் எச்சரிக்கையும் வரலாம். இந்தக் கார்களைக் கட்டாயம் நெரிசலுக்குள்ளால் ஓட்டிக் காட்டுங்கள். வெறும் வீதியில் காட்டி விற்றால் குறை மறுநாள் சந்தையடியில் தெரியும். அக்வா, பிரியஸில் பற்றரிக் கோடுகளைக் கவனியுங்கள்: கொஞ்சத் தூரத்தில் சடாரென்று இறங்கி, உடனே நிரம்பினால் செல்கள் பலவீனம். பின் இருக்கையோரக் காற்றாடி பெரிதாக இரைந்தால் முதலில் அதன் காற்றுவாயைத் துப்புரவு செய்து பாருங்கள். மனுவல் அல்டோவில் மூன்றாம் கியரில் 40இல் அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் ஏறாவிட்டால் கிளச் தட்டு முடிந்தது.

இடித்துவிட்டால்

காரை அசைக்க வேண்டாம். காயம் இருந்தால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. அந்த இடத்தில் நின்றபடியே காப்புறுதி நிறுவனத்துக்கு அழையுங்கள். எடுத்துவிட்டுப் பிறகு சொன்னால் கோரிக்கை சிக்கலாகும். நான்கு பக்கமும், வீதியும் தெரியப் படமெடுங்கள். கூட்டம் கூடிக் காசு பேசத் தொடங்கும்போது அவசரப்பட்டு உடன்பட வேண்டாம்.

சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது ஓட்டத்துக்கு முன்பே ஒரு பக்கக் கடதாசியில் இருக்க வேண்டும். அதில் காரின் இலக்கம், மைலேஜ், ஏற்கனவே உள்ள கீறல்கள், ஓட்டுபவரின் பெயரும் லைசன்ஸ் இலக்கமும், புறப்பட்ட நேரம், "காப்புறுதி தராத பகுதியை ஓட்டியவர் ஏற்பார்" என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விருப்பமில்லாதவரை வற்புறுத்தாமல் நீங்களே ஓட்டிக் காட்டலாம்.

திரும்பி வந்தபின்

எஞ்சினை நிறுத்தாமல் இரண்டு நிமிடம் விட்டு, பொனட்டைத் திறவுங்கள். அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் ஏசித் தண்ணீர். வழுக்கும் நிறநீர் என்றால் ஒயிலோ கூலன்ட்டோ. பாஸ் ஸ்கேனர் போட்டுப் பார்க்கக் கேட்டால் விடுங்கள். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடுகளை முன்கூட்டியே அழித்து வைப்பதால் பயனில்லை. காரின் சுயசோதனைகள் முடிவடையாமல் இருப்பதை ஸ்கேனரே காட்டும், அதைக் கண்ட பாஸ் அதன்பின் எதையும் நம்பமாட்டார். வேறு கராஜில் தூக்கிப் பார்க்க விரும்பினாலும் உங்கள் ஆளோடு போகட்டும், அந்தச் செலவு வாங்குபவருடையது.

காருக்குள் விலை பேச வேண்டாம். இறங்கியபின் அவரையும் வீட்டாரையும் பத்து நிமிடம் தனியே பேச விடுங்கள். பிறகு ஓட்டத்தில் கேட்ட குறைகளை இருவருமாகக் கடதாசியில் எழுதுங்கள்: முன் இடது லிங்க் ரொட் சத்தம், பின் டயர் இரண்டும் பழையது என்கிறபடி. எதைச் சேல் செய்து தரும், எதை விலையில் குறைக்கும், எது உள்ளபடி என்று பக்கத்திலேயே குறியுங்கள். அட்வான்ஸ் வாங்கினால் பற்றுச்சீட்டில் மைலேஜையும் எழுதி, இந்தக் கடதாசியின் பிரதியை அதோடு பின் பண்ணிக் கொடுங்கள். கார் கையளிக்கும் நாளில் அதே சுற்றில் இன்னொரு தடவை ஓடி, செய்து தருவதாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நேரே அவர் கையாலேயே சரி போடுவிக்க வேண்டும்.